மலைச்சரிவும் மனையின் அத்திவாரமும்: டயகமப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவர் பெரும்பாலும் நிலத்துக்கு மேலே நிற்பவற்றையே கண்டு எழுதுகின்றனர். கோட்டையின் மதிலும் கோயிலின் விமானமும் மாளிகையின் தூணும் நூல்களில் பெறும் இடத்தை அவற்றைத் தாங்கி நிற்கும் அத்திவாரம் பெறுவதில்லை. அது பொறியியலாளருக்கு உரிய பொருளென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு வீட்டின் அத்திவாரம் எங்கே வெட்டப்பட்டது, எவ்வளவு ஆழத்துக்கு வெட்டப்பட்டது, எதனால் நிரப்பப்பட்டது, இவற்றைத் தீர்மானித்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பத் தொடங்கியதும் அத்திவாரம் பொருளியல் வரலாற்றுக்கும் சட்ட வரலாற்றுக்கும் உரியதாகிவிடுகின்றது. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும்.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மேலேறிச் செல்லும் பாதை ஓட்டன் சமவெளியின் வடபுறச் சாரலை அணுகும் இடத்தில் டயகம அமைந்துள்ளது. அக்ரா ஓயாவின் மேற்பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், உயர்நிலத் தேயிலை விளையும் தோட்டங்கள் சூழ்ந்த பிரதேசம் இது. இப்பிரதேசத்தை முன்னிறுத்தி, மலைச்சரிவில் குடியிருப்பு வீட்டுக்கு அத்திவாரமிடும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதையும் அவ்வளர்ச்சி தொழிலாளரின் வீட்டுக்குப் பிந்தி வந்தது ஏன் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. மலையகத்தில் உறுதியான அத்திவாரமிடும் அறிவு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இருந்தது. தொழிலாளருக்கு இல்லாதிருந்தது அவ்வறிவைத் தம் வீட்டுக்குப் பயன்படுத்தும் உரிமையே என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

நிலமும் நீரும்

அத்திவாரத்தின் இயல்பை முதலில் நிருணயிப்பது மண்ணாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சில அடி ஆழத்திலேயே சுண்ணக்கற் பாறை எதிர்ப்படும். அங்கு ஆழ வெட்டவேண்டிய தேவை குறைவு. தமிழகத்தின் கரிசல் நிலத்தில் மண் மழையில் வீங்கிக் கோடையில் வெடிக்கும். அவ்வசைவினால் சுவர்கள் பிளவுறாதிருக்க, அசைவு எட்டாத ஆழத்துக்கு அத்திவாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கெனவே அடிப்பகுதி அகன்ற கொங்கிறீற்று முளைகளை இந்தியாவின் உரூர்க்கி நகரிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. குளிர்நாடுகளிலோ நிலத்துநீர் பனியாக உறைந்து மண்ணை மேலே தள்ளுமாதலின், உறைபனி எட்டாத ஆழமே அத்திவாரத்தின் அளவுகோலாகும். ஆகவே, எங்கும் பொருந்தும் ஒரே அத்திவாரம் என ஒன்று இல்லை.

டயகமப் பிரதேசத்தின் நிலை இம்மூன்றிலிருந்தும் வேறுபட்டது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் இங்குள்ள உயர்நிலங்களில் விடியற்காலத்தில் புல்நுனிகளில் உறைபனி படிவதுண்டு. எனினும் அது மண்ணுக்குள் ஆழ இறங்குவதில்லை. அடியிலுள்ளவை பளிங்குப்பட்டைப் பாறை, சாணோக்கைற்று முதலிய மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவை வெப்பவலயத்து மழையினால் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து செம்மஞ்சள் பொட்சொலிக்கு வகையைச் சேர்ந்த மண்ணாகியுள்ளன. அம்மண்ணை வெட்டிப் பார்த்தால் மேலே இலைமக்கு மிகுந்த கருமண்ணும், அதன்கீழ் செம்மஞ்சள் நிறமான களிகலந்த மண்ணும், அதற்கும் கீழே பாறையின் வரிகள் இன்னும் தெரியும் ஆனால் கையால் நொறுக்கத்தக்க சிதைபாறையும் காணப்படும். இவை தோன்றிய இடத்திலேயே கிடக்கும் மண்கள். இவற்றுக்குப் புறம்பாக, மேலிருந்து சரிந்துவந்து பள்ளங்களிலும் மலையடிகளிலும் குவிந்த மண்ணும் பெருங்கற்களும் கலந்த படையும் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். முன்னையது நல்ல அத்திவாரத்தைத் தாங்கும். பின்னையது முன்பே ஒருமுறை நகர்ந்த மண்ணாதலின் மீண்டும் நகரக்கூடியது.

இம்மண்ணின் பகை நீராகும். வரண்ட நிலையில் செங்குத்தாக வெட்டிய மண்மேடும் நெடுநாள் நிற்கும். தொடர்மழையின்போது துணிக்கைகளுக்கு இடையேயுள்ள வெளிகளில் நீர் நிரம்பி அழுத்தம் மிக, மண்ணின் பிடிப்பு தளர்ந்துவிடும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றர் அளவை எட்டும். கிழக்கே நுவரெலியா நகரில் அது 2,000 மில்லிமீற்றரை அண்மித்தது. இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்த இப்பள்ளத்தாக்கு மே தொடக்கம் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவப் பெருமழையையும் பெறுகின்றது. ஆதலின், டயகமவில் அத்திவாரம் பற்றிய முதல் வினா ‘எவ்வளவு ஆழம்?’ என்பதன்று; ‘நீர் எவ்வழி செல்லும்?’ என்பதேயாம்.

ஒரே தோட்டம், மூன்று அத்திவாரங்கள்

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தொடக்கிய தேயிலைச் செய்கை 1880களில் மலைநாடெங்கும் பரவியது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இரும்பு, இயந்திரம், கூரைத்தகரம் என்பன இதன்பின்னரே பெருமளவில் மேலே ஏறின. இக்காலத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூவகைக் கட்டடங்கள் எழுந்தன.

முதலாவது, தோட்டத்து வழக்கில் ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மேல்மாடிகளும், உருளும் பொறிகளும், பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சனின் ‘சிரொக்கோ’ போன்ற உலர்த்தும் பொறிகளும் கொண்ட கட்டடம் அது. இயங்கும் பொறியின் அதிர்வைத் தாங்குதற்கு ஆழ வெட்டிய குழியும், கல்லாலும் பின்னர் கொங்கிறீற்றாலும் ஆன பாரிய பீடமும் இன்றியமையாதன. பீடம் சற்றுத் தாழ்ந்தாலும் பொறியின் அச்சு பிசகிவிடும். ஆகவே, இங்கு நிலம் ஆராய்ந்தே தெரிவுசெய்யப்பட்டது.

இரண்டாவது, துரையின் பங்களா. மலைமுதுகில் நீர் இருபுறமும் வழிந்தோடும் மேட்டிடத்தில், பொளிந்த கருங்கல் அத்திவாரத்தின்மீது, தரைமட்டத்திலிருந்து நன்கு உயர்த்திய பீடத்தில் அது அமைந்தது. நாற்புறமும் கல்பாவிய கான்கள் அமைந்தன.

மூன்றாவது, தொழிலாளரின் லயன். கோப்பிக் காலத்தில் வரிச்சும் மண்ணும் கொண்டு கட்டிப் புல் வேய்ந்த கொட்டில்களாயிருந்தவை, தேயிலைக் காலத்தில் கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசித் தகரம் வேய்ந்த நீள்வரிசைகளாயின. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா ஒன்றும் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் பங்கு. தேயிலை நடத்தக்க நல்ல நிலத்தை வீட்டுக்குச் செலவிட நிருவாகம் விரும்பாமையால், செங்குத்தான விளிம்பும் பாறையடியும் ஓடைக்கரையும் பெரும்பாலும் லயனுக்கு ஒதுக்கப்பட்டன.

இங்குக் கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். 30 பாகைச் சரிவில் 20 அடி அகலமான சமதளத்தை முழுவதும் வெட்டியே பெறுவதாயின் பின்புறத்தில் ஏறத்தாழ 11½ அடி உயரமான மண்மேடு எஞ்சும். 15 பாகைச் சரிவில் அதே தளத்துக்கு ஏறத்தாழ 5½ அடி மேடு போதும். முதுகோடு முதுகாக இரு வரிசைக் காம்பராக்களை ஒரே கூரையின்கீழ் அமைத்த இரட்டை லயன்களுக்கு, இருபுறத்து இஸ்தோப்புகளையும் சேர்த்து, 30 அடிக்கு மேற்பட்ட அகலம் வேண்டும். 30 பாகைச் சரிவில் அதற்கு 17 அடி மேட்டை வெட்டவேண்டும். இவ்வேலையைக் குறைப்பதற்கு எளிய வழி, பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டி மறுபாதியை நிரப்புவதாகும். இம்முறையில் பின்வரிசை வெட்டிய கெட்டி மண்ணிலும் முன்வரிசை கொட்டிய இளமண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் காலப்போக்கில் அமுங்கும். அதன்மீதுள்ள களிமண்சாந்துக் கல்லத்திவாரமும் அதனோடு தாழும். பழைய லயன்களில் சுவரின் குறுக்கே ஓடும் வெடிப்புகளுக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

இதனோடு கூரைநீரும் சேர்கின்றது. பீலியற்ற தகரக் கூரையின் இறவாரத்திலிருந்து விழும் நீர் சுவரின் அடியையே அரிக்கும். களிமண்சாந்து கரையக் கற்கள் தளரும். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறிக் காம்பராவைக் குளிர்ச்சியாக்கும். குளிர்மலையில் ஒரே அறையில் அடுப்பெரித்து உறங்கிய குடும்பத்துக்கு இவ்வீரம் நோயின் ஊற்றாயிற்று.

எல்லா லயன்களும் இவ்வாறே அமைந்தன என்று கூறுதல் நேர்மையன்று. கெட்டியான மேட்டில், நல்ல கான் வசதியோடு அமைந்த கல் லயன்கள் நூறாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்பதையும் காணலாம். அவை நமது கருத்தை மறுப்பனவல்ல, உறுதிப்படுத்துவனவே. அதே கல், அதே மண், பெரும்பாலும் அதே கைகள். இடமும் வடிகாலும் ஒழுங்காயிருந்த இடத்தில் வீடு நின்றது. அவை புறக்கணிக்கப்பட்ட இடத்தில் வெடித்தது.

கான் வெட்டியோர் அறிவு

மலைச்சரிவில் நீரை ஆளும் கலையைத் தொழிலாளர் அறியாதவரல்லர். தேயிலைத் தோட்டத்து வேலைகளுள் கான் வெட்டுதல் தலையாயவற்றுள் ஒன்று. சரிவுக்குக் குறுக்கே மெல்லிய இறக்கத்தோடு கான் வெட்டி, இடையிடையே தடுப்புவிட்டு, மண்ணைத் தேக்கி மேலதிக நீரை மட்டும் வழியவிடும் முறை அவர்களது கையாலேயே நடைபெற்றது. பாதையோரத்துக் கல்லடுக்குச் சுவர்களையும் தேயிலை மலைகளின் கற்கட்டுகளையும் சாந்தின்றி உட்சாய்வாக அடுக்கியவர்களும் அவர்களே. சாந்தில்லாத அச்சுவர் தன் இடுக்குகள் வழியாக நீரைக் கசியவிடுவதால், பின்னால் நீரழுத்தம் திரளாமல் நின்றுபிடிக்கின்றது. இன்றைய பொறியியலாளர் தாங்குசுவரில் கசிவுத்துளைகள் விடுவதும், கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பிச் சுவரெழுப்புவதும் இதே தத்துவத்தின் அடிப்படையிலேயாம்.

1925இல் தோன்றிப் பின்னர் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைச் செடியின் வேரைத் தாங்கும் மண்ணைப் பல பதிற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளது. 1951இல் மண்காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. செடியின் கீழுள்ள மண்ணுக்கு விஞ்ஞானமும் சட்டமும் காவலாக வந்தன. செடியைப் பறித்த மனிதனின் வீட்டின் கீழுள்ள மண்ணை ஆராயும் பொறுப்பு நெடுங்காலம் எந்நிறுவனத்துக்கும் உரியதாயிருக்கவில்லை. கான் வெட்டத் தெரிந்த தொழிலாளி தன் லயனுக்குப் பின்னே கான் வெட்டுவதற்கும் துரையின் உத்தரவை எதிர்பார்க்க வேண்டியவனாயிருந்தான்.

உரிமையற்ற நிலம்

இந்நிலையின் வேர் நிலச்சட்டங்களில் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் உறுதியில்லாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டு, அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் அந்நிலத்தில் வேலையின் பொருட்டுக் குடியிருந்தனர். வேலை நீங்கினால் காம்பராவும் நீங்கும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டமும், 1912ஆம் ஆண்டின் சட்டங்களும் தோட்டங்களின் நோயையும் சுகாதாரத்தையும் கவனத்துக்குக் கொண்டுவந்தன. ஆயின் அவை தொழிலாளியை நோயுறக்கூடிய உழைப்பாளியாக நோக்கினவேயன்றி வீட்டுக்காரனாக நோக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழி நாட்டின் பிற பகுதிகளில் குடியானவர் நிலம் பெற்றனர். தோட்டத் தொழிலாளரை அதன் பயன் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் எந்தக் குடும்பம் இருக்கும், எது கடல் கடக்கும் என்பதே கேள்விக்குறியாயிற்று. நாளை இங்கே இருப்போமா என்பதை அறியாதவன் அத்திவாரம் இடுவதெங்ஙனம்?

1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலவுடைமையாளர் மாறினரேயன்றி லயனின் நிலை மாறவில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிலம் அரசினதாகவே இருந்தது. இதற்கிடையே 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் பிரசாவுரிமைப் பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்த்துவைத்தன. வாக்குரிமை பெற்ற பின்னரும் காணியுறுதி இல்லாத மக்கட் கூட்டமாக மலையகத் தமிழர் நீடித்தனர்.

இதன் விளைவு அத்திவாரத்திலேயே தெரிகின்றது. குடும்பம் பெருக, லயனின் முன்னும் பின்னும் குசினியும் சிற்றறையும் ஒட்டப்பட்டன. எந்நேரமும் அகற்றும்படி கூறப்படலாம் என்ற நிலையில், அவற்றுக்கு ஆழமான அத்திவாரம் எவரும் இடவில்லை. பலகையும் பழந்தகரமும் கொண்ட அவ்வொட்டறைகள் பின்மேட்டை மேலும் வெட்டியே இடம்பெற்றன. மேட்டின் அடி வெட்டப்பட, கானும் மூடப்பட்டது. இதனை அறியாமை என்று பழிப்போர் உளர். உரிமையற்ற நிலத்தில் நிலையான கட்டடம் எழுப்பாமை உலகெங்கும் மக்கள் கையாளும் விவேகமேயன்றி அறியாமையன்று.

சீமெந்தும் கொங்கிறீற்றும்

போட்லன்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். இலங்கையில் நெடுங்காலம் அது இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1970இல் புத்தளத்துத் தொழிற்சாலை சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நாட்டின் ஏனைய பகுதிகளின் கட்டடங்களில் கலந்த காலம் அது. போரினால் 1990இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை மூடப்பட்டது.

மலையகத்தின் சிறு வீட்டுக்குப் பொருத்தமானதென இன்று கொள்ளப்படும் அத்திவாரம் முழுக் கொங்கிறீற்றாலானதன்று. கருங்கல்லும் கொங்கிறீற்றும் இணைந்தது. கருமண்ணையும் கொட்டிய மண்ணையும் முற்றாக நீக்கி, அசையாத செம்மஞ்சள் மண் எதிர்ப்படும்வரை வாய்க்கால் வெட்டப்படும். சரிவின் திசையில் அது சாய்வாகச் செல்லாது படிப்படியாக இறங்க வேண்டும். சாய்ந்த அடித்தளம் சுமையை வழுக்கவிடும். படி அதனைத் தாங்கிப்பிடிக்கும். அடியில் சீமெந்து ஒரு பங்கு, மணல் 3 பங்கு, சல்லி 6 பங்கு கொண்ட மெலிந்த கொங்கிறீற்று சில அங்குலத் தடிப்பில் இடப்படும். அதன்மேல் சீமெந்துச் சாந்தினால் பிணைத்த கருங்கற்கட்டு, ஒற்றை மாடி வீட்டுக்கு ஏறத்தாழ 2 அடி அகலத்தில் எழும். உடைத்த கருங்கல் தோட்டத்திலேயே கிடைப்பது. அதனை உடைக்கவும் அடுக்கவும் அறிந்த மேசன்மாரும் அங்கேயே உளர்.

கருங்கற்கட்டு அமுக்கத்தைத் தாங்கும்; இழுவையைத் தாங்காது. வீட்டின் ஒரு மூலை தாழ முற்பட்டால் கட்டு பிரிந்துவிடும். ஆதலின் அதன்மேல், வீட்டின் எல்லாச் சுவர்களையும் சுற்றிவரும் உருக்குக் கம்பி பதித்த கொங்கிறீற்றுப் பிணைப்பு வளை அமைக்கப்படும். சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்த இவ்வளை வீட்டின் அரைஞாண் போன்றது. ஒரு மூலையின் தளர்ச்சியை மற்றைய மூலைகள் பகிர்ந்துகொள்ளச் செய்வது அதன் பணி. அதன்மேல் இடப்படும் ஈரத்தடைப் படை நிலத்தின் ஈரம் சுவரில் ஏறாது தடுக்கும். பழைய லயனின் வெடிப்பு, ஈரம் என்னும் இரு நோய்களுக்கும் இவ்விரண்டும் மருந்தாகும்.

காலநிலையும் இங்குக் கவனத்துக்குரியது. குளிரில் சீமெந்து மெதுவாகவே இறுகும். கொழும்பில் சில நாளில் கழற்றத்தக்க பலகையைக் குளிர்மலையில் மேலும் சில நாள் விட்டுவைப்பது அறிவுடைமை. வெட்டிய வாய்க்காலை மழையில் திறந்துவிட்டால் அதன் அடி சேறாகும். அச்சேற்றின் மேல் இட்ட அத்திவாரம் எவ்வளவு தடித்ததாயினும் பயனில்லை. எனவே சனவரி தொடக்கம் மார்ச்சு வரையான மழைகுறைந்த காலமே அத்திவார வேலைக்கு உகந்தது. பாறை சிதைந்த மணலில் மிளிரும் மைக்காத் தகடுகள் சாந்தின் பிணைப்பைக் குறைக்கும். ஆதலின் கழுவிய ஆற்றுமணலே விரும்பத்தக்கது. இவற்றுள் எதுவும் அரிய அறிவன்று. பெருஞ் செலவைக் கோருவதுமன்று. கோருவது காலத்தையும் மேற்பார்வையையும், எல்லாவற்றுக்கும் மேலாக, சரியான இடத்தையுமேயாம்.

ஏழு பேர்ச்

1986 சனவரியிலும் 1989 யூனிலும் மலைநாட்டில் ஏற்பட்ட பெரும் மண்சரிவுகளின் பின்னர், 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கும் பணியை 1990இல் தொடங்கியது. நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புமுன் அந்நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறும் நடைமுறையும் வந்தது. லயனின் கீழுள்ள மண்ணை ஆராயும் பொறுப்பு இவ்வாறு மிகப் பிந்தியேனும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தது.

ஆயின், அறிவு மட்டும் போதாதென்பதை 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காட்டியது. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் காலைப்பொழுதில் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தமை பின்னர் பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. மலையே நகரும்போது எந்த அத்திவாரமும் நிற்காது. அங்கு வேண்டியிருந்தது வேறிடம். ‘இடம்பெயர்க’ என்ற எச்சரிக்கைக்குப் பொருள் உண்டாவது பெயர்ந்துசெல்ல நிலம் உள்ளவனுக்கே. காணித்துண்டு எதுவும் சொந்தமில்லாத தொழிலாளிக்கு அவ்வெச்சரிக்கை பதிலற்ற கட்டளையாயிற்று. இழப்பின் பின்னரே பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் எழுந்தன.

தோட்ட வீடமைப்புக்கென 1992இல் அமைந்து பின்னர் மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர்மாறிய நிறுவனத்தின் வழி லயனுக்குப் பதிலாகத் தனிவீடுகள் தோன்றலாயின. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் ஏறத்தாழ 550 சதுர அடி வீடும் என்பது இத்திட்டத்தின் அளவு. ஒரு காம்பராவில் பிறந்து அதிலேயே முதிர்ந்த தலைமுறைகளுக்குப் பின் இது பெரிய மாற்றமென்பதில் ஐயமில்லை.

இருப்பினும், ஏழு பேர்ச்சை மலைச்சரிவில் வைத்து நோக்க வேண்டும். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அது சதுரமாயின் ஒரு பக்கம் 44 அடிக்குச் சற்றுக் குறைவு. 15 பாகை என்னும் மிதமான சரிவிலேயே அக்காணியின் மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் இடையே ஏறத்தாழ 12 அடி உயர வேறுபாடு இருக்கும். 30 பாகைச் சரிவில் 25 அடி. இந்த உயரத்தின் நடுவிலேயே வீடும், பின்மேடும், கானும், மலக்குழியும் இடம்பெற வேண்டும். மேற்காணியின் கூரைநீரும் கழிவுநீரும் கீழ்க்காணியின் பின்மேட்டில் இறங்கும். மேல்வீட்டார் தம் முன்முற்றத்தை மண்கொட்டி அகலமாக்கினால் அச்சுமை கீழ்வீட்டாரின் மேட்டின் மீது விழும். கீழ்வீட்டார் தம் பின்புறத்தை வெட்டினால் மேல்வீட்டின் அத்திவாரம் வெறுமையாகும். எனவே, மலைச்சரிவில் அத்திவாரம் தனிவீட்டின் சொத்தன்று. முழுச் சரிவுக்கும் பொதுவானது. மேலே நீரைத் தடுத்துத் திருப்பும் தலைக்கானும், வரிசைதோறும் குறுக்குக் கானும், எல்லாவற்றையும் ஓடைவரை கொண்டுசெல்லும் கல்பாவிய இறக்கக் கானும் இல்லாவிடின் ஒவ்வொரு வீட்டின் பிணைப்பு வளையும் தனித்தனியே போராடித் தோற்கும்.

அப்பொதுக்கானைப் பேணுபவர் யார்? நெடுங்காலம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்கப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தடை இருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே அது நீங்கியது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டவாயிலாக நிறுவப்பட்டது. முகாமை, பிரதேச சபை, அதிகாரசபை, குடும்பம் என நான்கு தரப்பினர் உள்ளவிடத்தில் பொறுப்பு ஒருவரிடமும் தங்காது போகும் ஆபத்து உண்டு. காணியுறுதி கைக்கு வராதபோது, குடும்பம் வங்கிக் கடன் பெற்றுத் தாங்குசுவர் எழுப்பவும் இயலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலைநாட்டின் சரிவுகளைச் சிதைத்து, நாடளாவிய ரீதியில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அவ்வனர்த்தத்தின் பின் இவ்வினாவை ஒத்திவைக்க எவருக்கும் நியாயமில்லை.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். டயகம போன்ற உயர்மலைப் பிரதேசத்தில் அத்திவாரத்தின் வெற்றி கொங்கிறீற்றின் தடிப்பில் மட்டும் தங்கியதன்று. இடத்தெரிவு, வடிகால், பிணைப்பு என்னும் மூன்றிலும் தங்கியது. முதலிரண்டையும் தேயிலைத் தோட்டம் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தது. தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் தேயிலைச் செடிக்கும் அவ்வறிவு பயன்பட்டது. லயனுக்கு அது மறுக்கப்பட்டமைக்குக் காரணம் மண்ணின் இயல்பு அன்று. மண்ணின்மேல் நின்றவருக்கு அம்மண்ணில் உரித்தின்மையே.

ஆகவே, புதிய வீடுகள் எழுப்பப்படும் இக்காலத்தில் மூன்று கருமங்கள் ஒன்றாக நிறைவேற வேண்டும். வீட்டைப் பங்கிடுமுன் சரிவு முழுவதும் ஆராயப்படவேண்டும். தேயிலைக்கு உதவாத நிலம் வீட்டுக்கு என்னும் பழைய வழக்கம் கைவிடப்பட வேண்டும். பொதுக்கான் வீட்டுக்கு முன்னரே வெட்டப்பட்டு, அதனைப் பேணும் பொறுப்பு ஒரே அமைப்பிடம் தெளிவாக ஒப்படைக்கப்படவேண்டும். வீட்டின் சாவியோடு காணியுறுதியும் கையளிக்கப்படவேண்டும். முன்னைய இரண்டும் பொறியியல், பின்னையது சட்டம் எனப் பிரித்துப் பார்ப்பது பிழையாகும். உறுதி பெற்றவனே தன் பின்மேட்டின் கானை ஆண்டுதோறும் துப்புரவாக்குவான். அவனே வெடிப்பைக் கண்டதும் முறையிடவும், செலவிட்டுத் திருத்தவும், ஆபத்தெனின் மாற்றுநிலம் கேட்கவும் துணிவான்.

மலையகத்தின் கான்களையும் கற்கட்டுகளையும் பாதைகளையும் தம் கையால் ஆக்கி, அச்சரிவுகளை ஒன்றரை நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்கச் செய்தவர்களின் வீடுகளுக்கும் அச்சரிவில் உறுதியான இடமொன்று உண்டு. அதனை அளந்து, ஆராய்ந்து, எழுத்தில் உறுதிசெய்து கொடுப்பதே அவ்வீட்டுக்கு இடவேண்டிய முதற்கல்.